ஓடை அயிரையும் ஒருவர் சுமந்த பழியும்

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது எங்கள் ஆய்வக உதவியாளர் முருகேசன் போன் செய்தார். "மேடம், நம்ம ஃபார்மலின் சார் போயிட்டாருங்க" என்று சொல்லிவிட்டு அழுதார். நாமக்கல்லில் எங்களோடு விலங்கியல் கற்பித்த பேராசிரியர் பழனியப்பனுக்குச் சாவுச் செய்தியிலும் அந்தப் பட்டப்பெயர்தான் கிடைத்தது. முருகேசன் அன்பாகத்தான் சொன்னார். நான்தான் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் அந்தப் பெயரின் கதை தெரியும். கொல்லிமலை அடிவார ஓடையில் அரும்பாடுபட்டுப் பிடித்த மீன்களைக் கவனக்குறைவாக ஃபார்மலினில் கொட்டிப் பாழாக்கியவர் அவர் என்று பதினோரு வருடங்களாகச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அந்தக் கதை பொய். எப்படிப் பொய் என்பதை இன்று சொல்லாவிட்டால் இனி எனக்குச் சொல்லும் யோக்கியதை இருக்காது.

அந்த மீன் தேடலைத் தொடங்கி வைத்தவர் மோகனூர்ச் சாலையோரம் மீன் விற்கும் ராமாயி அக்கா. பழனியப்பன் சாரும் நானும் அயிரை வாங்கப் போயிருந்தோம். அக்கா இரண்டு சட்டிகளைக் காட்டினார். "இது ஆத்து அயிரைங்க சாமி, உப்பு போட்டு உரசுனா வழுக்கு போயிரும். அது ஓடைல புடிச்சது. எத்தன உரசுனாலும் போவாதுங்க. ரெண்டும் ஒரே சாதியில்ல." நான் சிரித்துவிட்டேன். புத்தகத்தில் இரண்டும் ஒரே இனம்தான். சார் சிரிக்கவில்லை. இரண்டு சட்டியிலும் கைவிட்டு வெகுநேரம் தடவிப் பார்த்தார். திரும்பும் வழியில், "மீனுக்குத் தெரியுமுங்க மேடம் அது யாருன்னு. நமக்குத்தான் தெரியல" என்றார். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் மீன்களுக்குள் வேறு வேறு இனங்கள் ஒளிந்திருக்கும் என்பது அவருடைய நெடுநாள் நம்பிக்கை. நான் அதை அவருடைய பைத்தியம் என்றே நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து, அக்காவின் மீன் வந்த அந்தக் கொல்லிமலை அடிவார ஓடைக்குப் போனோம். ஆற்று அயிரையும் ஒப்பிட்டுப் பார்க்கக் கொண்டு போயிருந்தோம். அவர் வலையோடு மேல்மடுவுக்கு ஏறும்போது, "ரெண்டையும் தனித்தனியா வையுங்க. பத்துப் பத்து ஆல்கஹால்ல போட்டுருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மரபணுச் சோதனைக்கு ஆல்கஹால்தான் வேண்டும். ஃபார்மலின் உருவத்தைக் காக்கும், மரபணுவைக் கெடுத்துவிடும். இது தெரியாதவள் அல்ல நான். ஆனால் எல்லாம் ஒரே மீன்தானே என்ற மிதப்பு. படித்த காலத்துப் பழக்கத்தில் இரண்டு வகையையும் ஒரே ஜாடியில் கொட்டி ஃபார்மலினை ஊற்றி மூடினேன். அவர் இறங்கி வந்து ஜாடியைப் பார்த்தார். "எல்லாத்தையுமே போட்டுட்டீங்களாங்க?" என்று மட்டும் கேட்டார். ஒரு வாரத்தில் நிறமெல்லாம் வெளுத்து, எது ஆற்று மீன் எது ஓடை மீன் என்று பிரிக்கவும் வழியில்லாமல் போயிற்று. அடுத்த மாதம் பாலம் கட்டும் வேலைக்காக அந்த மடுவைப் பொக்லைன் வைத்துத் தூர்த்துவிட்டார்கள். மீனும் போயிற்று.

அப்போது நான் கௌரவ விரிவுரையாளர். வருடா வருடம் வேலையைப் புதுப்பிக்கத் துறைத்தலைவர் கையெழுத்து வேண்டும். அவர் ஜாடியை மேசைமேல் வைத்து, "யாரு பண்ணுன வேல இது?" என்று கத்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் சார், "நான்தாங்க" என்றார். வெளியே வந்ததும் அழுதேன். "எனக்கு வேல போவாதுங்க. கேலிதானே பண்ணுவாங்க, பண்ணட்டும்" என்றார்.

கேலி செய்தார்கள். நானும் கூடச் சிரித்தேன். வேலை நிரந்தரமான பிறகு ஒருநாள், "உண்மையைச் சொல்லிடட்டுங்களா சார்?" என்று கேட்டேன். "பழச எதுக்குங்க கிளறிக்கிட்டு" என்றார். அவர் அப்படிச் சொன்னதில் எனக்கு எத்தனை நிம்மதி என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

ஆனால் அவர் மீனை விடவில்லை. மழை பெய்த வருடமெல்லாம் ஓடையோடு ஏறினார். முழங்கால் வலியோடு ஏறினார். போன வருடம் வெகு மேலே, பாறை இடுக்கில் ஒரு சிறு மடுவில் அந்த அயிரை இருந்தது. பேருக்கு நாலைந்தை மட்டும் எடுத்துக்கொண்டார். மற்றவற்றின் துடுப்பு நுனியில் ஒரு துணுக்கு நறுக்கி ஆல்கஹாலில் போட்டுவிட்டு, மீனைத் தண்ணீரிலேயே விட்டார். இந்த முறை புட்டிகளை என்னிடம்தான் கொடுத்தார். "நீங்களே மூடுங்க" என்றார்.

சோதனை முடிவு வந்தபோது சேலத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஓடை அயிரை தனி இனம்தான் என்று கட்டிலருகே நின்று சொன்னேன். மூச்சு வாங்கிக்கொண்டே அவர் கேட்ட முதல் கேள்வி, "ராமாயியக்காகிட்டச் சொல்லிட்டீங்களாங்க?" என்பதுதான். மறுநாளே போய்ச் சொன்னேன். அக்கா தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "அதத்தான் நான் அன்னைக்கே சொன்னனுங்களே" என்றார். அதைப் போனில் கேட்டு சார் இருமல் வரும்வரை சிரித்தார். எட்டு நாளில் போய்விட்டார்.

ஓடை அயிரையைப் பற்றி அவர் எழுதிக்கொண்டிருந்த ஆய்வுக் கட்டுரையின் வரைவை அவர் மனைவி நேற்று என்னிடம் கொடுத்தார். "முதலில் சேகரித்த மாதிரிகள் என் கவனக்குறைவால் வீணாயின" என்று அவர் கையால் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறார். நான் அந்த வரியை அடித்துவிட்டு, என் பெயரைப் போட்டுத் திருத்தி எழுதினேன். அவருடைய புத்தகங்களைக் கல்லூரி எடுத்துக்கொள்ளட்டும், வலையை முருகேசன் கேட்கிறார். நான் வைத்துக்கொள்வது, பதினோரு வருடம் அவர் எனக்காகச் சுமந்த என் தவறை மட்டும்தான்.