கிழக்குச் சுவரின் வயது

கோட்டையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், கிழக்குச் சுவருக்கு என்ன வயது என்று மேஸ்திரியிடம் கேட்டேன். படிகளைப் பெருக்கிக்கொண்டிருந்தவர் துடைப்பத்தை ஊன்றி நின்றார்.

"பலகையில போட்டிருக்கே, எண்ணூறு வருசம்னு."

பலகையைப் படித்துவிட்டேன், உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள் என்றேன்.

"முப்பத்தொண்ணு. என் மூத்த பொண்ணும் அதுவும் ஒரே வயசு. அவளைக் கட்டிக்கொடுத்து அனுப்பியாச்சு. இதுதான் தலைமேலயே நிக்குது."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த மகள் பிறந்த வருட மழையில் பழைய சுவர் சரிந்தது. அப்போது அவர்தான் இங்கே தலைமைக் கொத்தனார். சுண்ணாம்பை ஊறவைத்துப் பதமாக்க மாதக்கணக்காகும். இருபது நாளில் பெரிய மனிதர்கள் வருகிறார்கள், சிமெண்ட் போட்டு முடி என்றது அலுவலகம். கல்லுக்குள் இறங்கும் தண்ணீர் சிமெண்டைத் தாண்டி வெளியே வராது, உள்ளேயே தங்கிச் சுவரைத் தள்ளும் என்று தெரிந்தும் கட்டினார். சிமெண்ட் தெரியாதபடி இணைப்புகளில் ஓர் அங்குலம் உள்ளே நிறுத்தி, மேலே சுண்ணாம்பு பூசி, புகையும் பாசியும் ஏற்றினார். வந்தவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. பிறகு பலகை எழுத வந்தவர்களுக்கும் தெரியவில்லை.

இடுப்பு போனபின் பெருக்கும் வேலை கொடுத்தார்கள். தினமும் இருநூற்று எழுபது படி. ஏறியதும் முதல் வேலையாக, சாய்வு பார்க்க அந்தச் சுவரில் தூக்குக்குண்டைத் தொங்கவிடுவார். இரண்டு வருடத்தில் சுவர் ஒரு கை அகலம் வெளியே தள்ளிவிட்டது. ஒன்பதாம் மாதமா என்று அவர் மனைவி கேலி செய்வாராம்.

சுவர் விழுந்துவிடும், இடிக்க வேண்டும் என்று அலுவலகத்தில் மூன்று முறை சொன்னார். கோப்பைப் புரட்டிய பொறியாளர், பழைய சுவர், ஒரு கல்லைத் தொடக்கூட அனுமதி கிடைக்காது என்றார். அதை நான்தான் கட்டினேன் என்றதற்கு, வயதான காலத்தில் பேர் வாங்க ஆசைப்படுகிறார் என்று அறைக்குள் சிரித்தார்கள்.

பள்ளிப் பிள்ளைகள் அந்தச் சுவரின் நிழலில்தான் சாப்பிட உட்காருவார்கள். பாம்பு இருக்கிறது என்று சொல்லி விரட்டுவார். ஓர் ஆசிரியை புகார் கொடுக்க, பாம்பு பிடிக்கிறவர் வந்து ஒரு நாள் முழுக்கத் தேடினார். கிடைக்கவில்லை. மேஸ்திரிக்குக் கிடைத்தது திட்டு. மறுநாள் பிள்ளைகள் மறுபடி அங்கேயே உட்கார்ந்தார்கள்.

புதிய பலகைகளை இரண்டு மொழியிலும் எழுதுவதுதான் என் வேலை. கிழக்குச் சுவரின் முறை வந்த அன்று மேஸ்திரி என் மேசை எதிரில் வந்து உட்கார்ந்தார். மூச்சு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"ரெண்டு பாஷையிலயும் எழுதும்மா. இது பழசு இல்ல, நான் கட்டினது, தப்பாக் கட்டினதுன்னு எழுது. என் பேரையும் போட்டுடு. புதுசுன்னு தெரிஞ்சாத்தான் இடிக்க விடுவாங்க."