தம்பியின் முகத்தை மூடிய கை

அந்தப் பேச்சாளன் இப்போது பெரிய ஆளாகிவிட்டான். போகுமிடமெல்லாம் பின்னால் நாலு கார் வருகிறது. அன்று பல்லடத்தில் பாதி நாற்காலிகள் காலியாகக் கிடந்த கூட்டத்தில்தான் அவனைப் பார்த்தேன். எனக்கு எட்டு வயது. பரோட்டா வாங்கித் தருவதாகச் சொல்லி மாமா பைக்கில் கூட்டிப்போயிருந்தார்.

ஒரு மணி நேரம் கத்தினான். எனக்குப் புரிந்தது ஒன்றுதான். பாய்மார்கள் நமக்கு எதைக் கொடுத்தாலும் அதில் துப்பித்தான் கொடுப்பார்களாம். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். முடிந்ததும் மாமா என்னைக் கூட்டிப்போனது ஒரு பாய் கடைக்கு. அவரே நாலு பரோட்டா தின்றார்.

அடுத்த வாரம் தம்பிக்குக் காய்ச்சல். இரண்டு வயதுக் குழந்தை. டாக்டர் மருந்து கொடுத்தும் திடுக்கிட்டுத் திடுக்கிட்டு அழுதான். குழந்தை பயந்துவிட்டால் எங்கள் ஊரில் பள்ளிவாசலுக்குத் தூக்கிப்போவார்கள். சாயங்காலத் தொழுகை முடிகிற நேரம் வாசலில் நின்றால், வெளியே வருகிறவர்கள் ஓதி, குழந்தையின் முகத்தில் லேசாக ஊதிவிட்டுப் போவார்கள். எந்தச் சாமியைக் கும்பிடுகிற அம்மாவும் அங்கே நிற்பாள். என்னையும் அப்படித் தூக்கிப்போனவள்தான் அம்மா.

அன்றும் அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் நின்றாள். நானும் கூட நின்றேன். முதலில் வந்தவர் எங்கள் தெருவில் தையல்கடை வைத்திருந்த பாய். செருப்பைக்கூட மாட்டாமல் நேராக எங்களிடம் வந்தார். கண்ணை மூடி ஓதினார். தம்பியிடம் குனிந்து வாயைக் குவித்தார். நான் எக்கி, தம்பியின் முகத்தைக் கையால் மூடினேன்.

"துப்பாதீங்க."

பின்னால் வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அம்மாவுக்கு முகம் செத்துப்போனது.

"அவ என்னமோ உளர்றாளுங்க பாய். நீங்க ஊதுங்க."

பாய் என்னைத்தான் பார்த்தார். "யாரு கண்ணு சொன்னாங்க?"

"மைக்குல சொன்னாங்க."

அவர் நிமிர்ந்து, கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "புள்ளைக்குச் சரியாயிருமுங்க அம்மணி. ஊட்டுக்குத் தூக்கிட்டுப் போங்க" என்றார். மற்றவர்களும் எங்களைச் சுற்றிக்கொண்டு போய்ச் செருப்பைத் தேடினார்கள். ஒருவரும் ஊதவில்லை. தம்பி அழுதபடியே இருந்தான்.

அம்மா என்னை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. மாமாவோ விஷயம் கேட்டு என்னைத் தூக்கிச் சுற்றினார். தன் கூட்டாளிகளிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். தம்பியைக் காப்பாற்றிவிட்டோம் என்று நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். காய்ச்சல் மூன்றாம் நாள் மருந்தில் இறங்கியது.

அதற்குப் பிறகு அம்மா தையல்கடைப் பக்கம் போகவே இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போவதென்றாலும் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்தெரு வழியாக, அரை மைல் கூடுதலாக நடந்தாள். அம்மாவுக்கும் பாய்மீது பயம் வந்துவிட்டது என்றே நினைத்தேன். வெட்கப்பட்டவர்களும் அப்படிச் சுற்றித்தான் போவார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.