சின்னப்பராஜ் மேஸ்திரியின் ஆகமன காலம்

போத்தனூர்க் கிறிஸ்தவப் பங்கில் சாமியாருக்கு அடுத்தபடியாக வேதம் தெரிந்தவர் யாரென்று கேட்டால், சின்னப்பராஜ் மேஸ்திரி தம்மைத்தான் சொல்வார். வேறு யாரும் சொல்லமாட்டார்கள், அது வேறு விஷயம். ஜில்லா போர்டில் ரோடு போடுகிற மேஸ்திரி அவர். கிறிஸ்மஸுக்கு முந்தின நாலு வாரம், ஆகமன காலம், பிறந்துவிட்டால் மனுஷனைக் கையில் பிடிக்க முடியாது. ஆண்டவர் வருகிறார், பள்ளத்தை நிரப்புங்கள், மேட்டை வெட்டுங்கள், கோணலை நேராக்குங்கள் என்று ஸ்நாபக அருளப்பர் வனாந்தரத்தில் நின்று கத்தினாரே, யாரைப் பார்த்துக் கத்தினார்?

"வக்கீலுக்குச் சொன்னாருங்களா, வாத்தியாருக்குச் சொன்னாருங்களா? எங்க டிப்பார்ட்மெண்டுக்குச் சொன்னதுங்க அது!" என்பார்.

இந்தப் பெருமையெல்லாம் ஐம்பத்தெட்டாம் வருஷம் வரைக்கும்தான். அந்த வருஷம் புதிதாக வந்த சாமியார், பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில் தோண்டித் துருவி ஒரு கேள்வி கேட்டுவிட்டார். யாரோடாவது பேசாமல் இருக்கிறீரா? மேஸ்திரி பொய் சொல்லத் தெரியாதவர். சொந்தத் தங்கை அமலியோடு நாலு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை என்று ஒப்புக்கொண்டார். அமலி தன் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது, தாய்மாமன் கல்லுக்குண்டு மாதிரி நிற்க, புருஷனின் மேலதிகாரியான ரயில்வே கார்டு ஒருவரை ஞானத்தகப்பனாக நிறுத்திவிட்டாள். அன்றைக்கு முறுக்கிக்கொண்டு போனவர்தான். வீடு என்னவோ இரண்டு பர்லாங் தூரம்.

தங்கையோடு போய்ப் பேசுவதுதான் அபராதம், பேசாமல் கிறிஸ்மஸ் பூசையில் நன்மை அப்பம் வாங்க வரக்கூடாது என்று சொல்லிவிட்டார் சாமியார். இந்த ரகசியத்தைச் சாமியார் உயிரே போனாலும் வெளியே விடமாட்டார். மேஸ்திரி அன்று மாலைக்குள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

கிறிஸ்மஸ் அன்று ஊரே வரிசையில் போய் முழங்காலில் நிற்க, தான் மட்டும் பெஞ்சியிலேயே உட்கார்ந்திருப்பதா? நினைக்கவே வெட்கமாக இருந்தது. ஆனால் அமலி வாசலில் போய் முதல் வார்த்தை பேசுவது அதைவிடப் பெரிய வெட்கமாக இருந்தது. இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் மம்மட்டியையும் பாண்டுச் சட்டியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"ஏனுங்க, லீவு நாள்ல எங்கீங்க?" என்றாள் சம்சாரம் கிருபாவதி.

"அமலி ஊட்டுக்கு வழி போடப் போறேன்."

"போட்ட வழி இல்லாமயா நாங்கெல்லாம் போய்ட்டு வாறோம்?"

"அது வழியா? வண்டித்தடம்! அருளப்பர் என்ன சொல்லியிருக்காரு தெரியுமா?"

"தெரியுமுங்க. வாயத் தொறந்து ரெண்டு வார்த்தை பேசறதுக்குக் கப்பிக்கல்லு எதுக்குங்க?"

சாமியார் சொன்னதன் அர்த்தம் அவருக்குப் புரியாமலில்லை. நன்றாகவே புரிந்தது. அதனால்தான் இத்தனை சுற்றி வளைத்தார். வேலை முடிந்து வந்த பிறகு தினமும் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தபின் கொஞ்சம் பார்வையிடல். பள்ளத்தில் கப்பி கொட்டினார், மேட்டைச் செதுக்கினார், திமுசுக் கட்டையால் இடித்து இறுக்கினார். கவர்ன்மெண்டு ரோட்டுக்குக்கூட அந்த மனுஷன் அவ்வளவு உழைத்ததில்லை.

ஆகமனத்தின் நாலாம் ஞாயிறு. அருளப்பர் கத்தின அந்தச் சுவிசேஷம் வாசித்து, பூசையும் முடிந்தது. மேஸ்திரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சாமியார் முன்னால் போய் நின்றார்.

"வழி ரெடிங்க, சாமி."

"சந்தோஷம். பேசியாச்சா?"

"வழிய ஆயத்தம் பண்ணத்தானுங்க வேதத்துல சொல்லியிருக்குது. நடக்கச் சொல்லலைங்களே. இனி அவ வந்துக்கட்டுமுங்க."

சாமியார் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி நழுவியது. அதைத் துடைத்து மாட்டிக்கொண்டு சொன்னார்: "மேஸ்திரி, வழி போட்டாச்சா இல்லையான்னுகூடப் பார்க்காம, ஆண்டவர் மோட்சத்தை விட்டு இறங்கி மாட்டுக் கொட்டகைக்கு வந்தாரு. நீங்க ரெண்டு பர்லாங் போகமாட்டீங்களோ?"

மேஸ்திரி ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

மத்தியானம் திமுசுக் கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். யாராவது கேட்டால், வேலையைச் சரிபார்க்கப் போவதாகச் சொல்லிக்கொள்ளலாம். பாழாய்ப்போக, ஒருவரும் கேட்கவில்லை. அமலியின் வாசல் வந்தது. வேறு வேலை எதுவும் மிச்சமில்லாததால், நன்றாக இறுகியிருந்த இடத்தையே மறுபடியும் இடித்தார்.

"ஏனுங்ண்ணா, அதை நேத்தே இடிச்சுப்போட்டீங்களே!"

அமலி கதவருகே நின்றுகொண்டிருந்தாள்.

"நீ எப்பப் பார்த்தே?" என்றார் மேஸ்திரி. நாலு வருஷத்துக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை அது என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

"தெனமுந்தான். முத நாளு கெணத்துக்கு அந்தப் பக்கம் இருந்தீங்க. அப்பறம் வேப்பமரம். பொழுது எறங்கறப்ப கதவுச் சந்துல நின்னுக்கிட்டு, இன்னைக்கு அண்ணன் எத்தனை அடி வந்திருக்குதுன்னு பார்ப்பேன்."

"பார்த்துப்போட்டு ஒரு சத்தம் போடறதுக்கு என்ன, அம்மணி?"

"போட்டா நீங்க திரும்பிப் போயிருவீங்களோன்னு பயமுங்ண்ணா." முந்தானையை வாயில் வைத்து அழுகையை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

மேஸ்திரிக்கு அத்தனை வருஷம் கரைத்துக் குடித்த வேதத்தில் ஒரு வரிகூட வாய்க்கு வரவில்லை. "நாந்தான் கண்ணு தப்புப் பண்ணிப்போட்டேன்" என்றார். அவள் வாங்க என்று கூப்பிடுகிற வரைக்கும்கூடக் காத்திருக்காமல், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தார்.