ரப்பரில் வெட்டிய தண்ணீர்த் தொட்டி

அபுதாபி பக்கம் ருவைஸில் ஒரு ஆலைக் கட்டுமானத்தில் கேஸ்கெட் வெட்டுவது என் வேலை. குழாய்கள் சேரும் இடத்தில் கசியாமலிருக்க வைக்கும் ரப்பர் வளையம் அது. அங்கிருந்த ஸ்பெயின்காரர் ஒருவரிடம்தான் அளவுத்தாள் வாங்குவேன். ஒருநாள் அவர் மேசைமேல் ஒரு படப்புத்தகம் விரித்துக் கிடந்தது. இரண்டு ஏழைகள் குனிந்து நிற்க, அவர்கள் முதுகில் ஆளுக்கொரு கழுதை சவாரி செய்தது.

சிரித்துவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. அவர்கள் நாட்டு ஓவியர் ஒருவர் இருநூறு வருடங்களுக்கு முன்னால் செப்புத் தகட்டில் வரைந்து, மை பூசி, காகிதத்தில் அழுத்தி எடுத்ததாம். ஒரே தகட்டில் எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றார்.

அது என்னை விடவில்லை. நாங்கள் தங்கியிருந்த கேம்ப்பின் தண்ணீர்த் தொட்டியைக் கழுவி மாதக்கணக்காகியிருந்தது. தண்ணீர் துருநிறத்தில் வந்தது. குளித்தால் உடம்பெல்லாம் அரிப்பு. மூன்று மொழிகளில் புகார் எழுதியும் பதில் இல்லை.

மிஞ்சிய ரப்பரில் அதே மாதிரி ஒரு படம் வெட்டினேன். தொட்டிக்குள், கேம்ப்பை நிர்வகிக்கும் கேம்ப் பாஸ் சோப்புப் போட்டுக் குளிக்கிறார். கீழே நாங்கள் வாளியோடு வரிசையில். முதல் பிரதியில், படத்தின் கீழே வெட்டிய எழுத்தெல்லாம் இடம் வலமாக மாறி விழுந்தது.

"கண்ணாடி வச்சுல்லா படிக்கணும்லே!" என்றார் தூத்துக்குடிக்கார அறைத்தோழர்.

எழுத்தைச் செதுக்கி எறிந்தேன். படம் மட்டும் போதும், பட்டாணியருக்கும் வங்காளிக்கும் புரியும்.

வெள்ளிக்கிழமை மதியம் மெஸ் சுவரில் ஒட்டினேன். சோற்றுத் தட்டோடு கூட்டம் கூடிச் சிரித்தது. பாஸ் வந்து கிழித்தார்.

"யே கிஸ்னே கியா?" யார் செய்தது என்று இந்தியில் கத்தினார்.

"மாலூம் நஹி, பாய்", தெரியாது என்றது மொத்த மெஸ்ஸும்.

மறுநாள் நான்கு இடங்களில் ஒட்டினேன். அவர் சந்தேகத்தில் ஒரு வங்காளியைப் பிடித்து, ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று மிரட்டினார். அதைக் கேட்டதும் ரப்பரை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

"நான்தான் செஞ்சேன். தொட்டியக் கழுவுங்க, நிறுத்திடுறேன்" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்.

ரப்பரைப் பிடுங்கிக்கொண்டார். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள், லீவைத் தள்ளிவைத்தார்கள். ஆனால் அதே வாரம் தொட்டியைக் காலி செய்து கழுவினார்கள். முழங்கை ஆழத்துக்குச் சேறு வந்தது.

லீவு தள்ளிப்போனதால் தங்கையின் கல்யாணத்துக்குப் போக முடியவில்லை. போனில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இப்பத் தண்ணி நல்லா வருதா?"

"வருது."

"அப்பச் சரி. ஒங்க தங்கச்சிக்கு நான் சொல்லிக்கிறேன்."