ஷட்டருக்கு வெளியே

எங்கள் வாய்க்காலின் வாயில், தண்ணீரை அடைத்துத் திறக்கும் கதவுகளோடு ஒரு லாக் இருக்கிறது. மட்டாஞ்சேரிக் கிட்டங்கிகளுக்குச் சரக்கு வள்ளங்கள் வந்துபோன காலத்தில் கட்டியது. வள்ளங்கள் போய்விட்டன. இரண்டு கதவுகளில் ஒன்று துருப்பிடித்துச் சேற்றில் சாய்ந்து கிடக்கிறது. மிச்சமிருப்பதை ஷட்டர் என்போம். காயலில் கடல் ஓதம் ஏறும்போது அதை இறக்கிவிட்டால் உள்தெரு நனையாது. வெளியே இருக்கும் எங்கள் நாலைந்து வீடுகள் நனையும். அதற்காக உள்தெருவில் யாருக்கும் தூக்கம் கெட்டதில்லை.

ஷட்டரைச் சுற்றும் கைப்பிடி என் தம்பியிடம் இருக்கும். அவன் வீடு உள்தெருவில். பக்கவாதம் வந்து படுத்துவிட்ட அம்மா ஒரு மாதம் அவனிடம், ஒரு மாதம் என்னிடம். ஆனால் அமாவாசையும் பௌர்ணமியும் வந்தால் யார் முறையானாலும் அம்மா அவன் வீட்டில்தான் இருக்க வேண்டும். அன்றைக்குத்தான் ஓதம் வீட்டுக்குள் வரும். இந்த அமாவாசைக்கு அவன் மச்சான் குடும்பம் களமசேரியிலிருந்து வந்து தங்கியிருந்தது.

"இடமில்லக்கா. இந்த ஒரு தடவை அட்ஜஸ்ட் பண்ணு, கேட்டோ" என்றான் போனில்.

காலையிலேயே தண்ணீர் ஏறியது. ஃப்ரிட்ஜுக்கு வைத்த மாதிரியே அம்மாவின் கட்டிலுக்கும் செங்கல் வைத்திருந்தேன். தண்ணீர் செங்கலைத் தாண்டிச் சட்டத்தைத் தொட்டது. வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். ஒற்றை ஆளாக அவளைத் தூக்க என்னால் முடியாது. ஆகாயத்தாமரையையும் பிளாஸ்டிக் பாட்டில்களையும் விலக்கிக்கொண்டு லாக்குக்குப் போனேன். தம்பி கைப்பிடியைப் பிடித்தபடி மேலே நின்றிருந்தான்.

"ஷட்டரைக் கொஞ்சம் தூக்குடா. அம்மா படுக்கையில வெள்ளம் முட்டுது."

"இப்பத் தூக்கினா உள்ள அத்தனை வீடும் முங்கும்க்கா."

"அப்ப வந்து அம்மாவத் தூக்கு."

"இத விட்டுட்டு எப்படி வர்றது? கொஞ்சம் பொறு, இறங்கிடும்."

வீடுகள் முங்கும் என்றது நிஜம்தான். அதனாலேயே அவனை அறைய வேண்டும் போலிருந்தது. பின்னால் காய்ந்த படியில் அவன் மச்சான் ஒரு கையில் சாயாவும் ஒரு கையில் போனுமாக, இடுப்பளவு தண்ணீரில் நின்ற என்னைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

திரும்பி வந்தபோது மெத்தை ஊறிவிட்டிருந்தது. அம்மாவின் குதிகால்கள் தண்ணீருக்குள் இருந்தன. என் நனைந்த சேலையை அவள் பார்க்கவில்லை.

"அவன் வீட்டுல வெள்ளம் ஏறலையே?" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளை அழவைக்க வேண்டும் என்றே சொன்னேன்: "ஏறிடுச்சு. உனக்காக ஷட்டரத் தூக்கிட்டான். அவன் வீடெல்லாம் முங்கிடுச்சு."

அம்மா அழவில்லை. நல்ல கையால் என்னை வாசல் பக்கம் தள்ளினாள். கோணிய வாயிலிருந்து சொல் தெளிவாகவே வந்தது.

"அடைக்கச் சொல்லு. ஓடு."