சிம் இல்லாத பாட்டுப்பெட்டி

செஞ்சியில் ரேடியோ செட் கன்னியப்பன் என்றால் தெரியாதவர்கள் குறைவு. நாலு கொம்பு ஸ்பீக்கர், ரெண்டு பாக்ஸ், ஓர் ஆம்ப்ளிஃபயர், அதன் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. இதுதான் அவர் தொழில். கல்யாணமோ சாவோ, அந்த நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டால் விசேஷம் முடிகிறவரை எழுந்திருக்க மாட்டார். கலெக்டரே வந்தாலும் உட்கார்ந்தபடிதான் பாட்டுப் போடுவேன் என்று ஐம்பத்து நாலு வயதிலும் சொல்லிக்கொள்வார். கலெக்டர் இதுவரை வந்ததில்லை.

அப்படிப்பட்டவருக்குப் போன ஆடி மாதம் ஒரு தலைகுனிவு வந்தது. குளத்துமேட்டுத் தெரு மாரியம்மன் கோயிலில் பாலாபிஷேகம். கன்னியப்பன் தன் போனை ஆம்ப்ளிஃபயரில் சொருகி அம்மன் பாட்டு போட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. பழக்கதோஷத்தில் விரல் பச்சையை அழுத்திவிட்டது.

"யோவ், பேதி நின்னுச்சா இல்லியா? அங்க கூழு குடுத்தா வாங்கிக் குடிச்சி வெக்காத."

மனைவி அன்புக்கரசியின் குரல் நாலு கொம்பிலும் வந்தது. போதாததற்குக் கோட்டை மலையில் மோதித் திரும்பி, "இல்லியா" என்று இன்னொரு முறையும் விசாரித்தது. பூசாரி பால்குடத்தைத் தூக்கிய கையோடு நின்றார். அதற்கப்புறம் ஒரு வருஷம் டீக்கடையில் கன்னியப்பனை யாரும் நல்லா இருக்கியா என்று கேட்கவில்லை. பேதி நின்றதா என்றுதான் கேட்டார்கள்.

இந்த வருஷம் காப்புக் கட்டும்போதே விழாக்குழுத் தலைவர் பாண்டுரங்கன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "தே பாரு கன்னியப்பா, போனு என் கண்ணுல படக்கூடாது. மறுபடி எதனா கோளாறு ஆச்சின்னா அடுத்த வருஷத்துக்கு எழிலரசந்தான்."

எழிலரசன் பக்கத்து அனந்தபுரத்துக்காரன். லேப்டாப், கலர் லைட்டு, நெஞ்சு அதிரும் பாக்ஸ் எல்லாம் வைத்திருக்கிறான். கன்னியப்பனுக்கு இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கோயில்தான் அடையாளம். இங்கே அவரைப் பார்த்துத்தான் மற்ற தெருக்காரர்கள் கூப்பிடுவார்கள். இது போனால் அவர்களும் ஒவ்வொருவராகப் போவார்கள். பிறகு நாலு கொம்பையும் பரணில் ஏற்றிவிட்டு வீட்டோடு கிடக்க வேண்டியதுதான்.

அவர் நேராகக் கடைவீதியில் சர்ஃபராஸின் மொபைல் கடைக்குப் போனார். பாட்டுப் பாட வேண்டும், ஆனால் யாரும் கூப்பிட முடியக்கூடாது, அப்படி ஒன்று வேண்டும் என்றார். சர்ஃபராஸ், சவுதியிலிருந்து திரும்பிய ஒருவர் விற்றுவிட்டுப் போன சாமானை எடுத்து வைத்தான். பார்க்கப் போன் மாதிரியே இருந்தது, கொஞ்சம் குள்ளம்.

"ண்ணா, இது வெறும் பாட்டுக்குன்னே செஞ்சது. சிம் போட எடமே கெடையாது."

கன்னியப்பன் அதை நாலு பக்கமும் திருப்பி, ஓட்டை ஏதும் இருக்கிறதா என்று தானே தேடினார். மெமரி கார்டுக்கு ஒன்று, சார்ஜருக்கு ஒன்று, இயர்போனுக்கு ஒன்று. அன்புக்கரசி நுழையக்கூடிய ஓட்டை எதுவும் இல்லை. அந்த நிமிஷமே அதன்மேல் அவருக்கு அளவுகடந்த பாசம் வந்துவிட்டது.

சர்ஃபராஸ் விளக்கத் தொடங்கினான். திரையை விரலால் தள்ளினால் பாட்டு வரிசை ஓடும். ஓரத்தில் ரெண்டு பொத்தான், சத்தத்தைக் கூட்டக் குறைக்க. பக்கத்தில் ஒரு பூட்டு, அதைத் தள்ளினால் யார் விரல் பட்டாலும் திரை கேட்காது. ஒரு சார்ஜுக்கு முப்பது மணி நேரம் பாடும். எஃப்எம் வேண்டுமானால் இயர்போனைச் சொருக வேண்டும், அந்த ஒயர்தான் ஏரியல்.

"அப்புறம் உள்ள ஒரு சென்சாரு இருக்குதுண்ணா. செட்ட ஆட்டினா பாட்டு தானா மாறிடும். வேணாம்னா ஆஃப் பண்ணிக் குடுக்கட்டா?"

இந்தக் கடைசி விஷயத்தை அவன் சொன்னபோது கன்னியப்பன் அணைந்திருந்த திரையில் தன் மீசையைப் பார்த்து ஒதுக்கிக்கொண்டிருந்தார். "எல்லாம் இருக்கட்டும்பா, எதயும் எடுக்காத" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். கல்யாணப் பாட்டு, மஞ்சள் நீராட்டுப் பாட்டு, அம்மன் பாட்டு, சாவு வீட்டு ஒப்பாரி என்று தன் சொத்து மூவாயிரத்தையும் அதில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ரெண்டு நாள் வீட்டில் வைத்துப் பாட விட்டார். வீடு ஆடாது அல்லவா, பெட்டி ஒழுங்காகப் பாடியது.

திருவிழா அன்று சாயங்காலம் நாலு மணிக்குக் கரக ஊர்வலம் புறப்பட்டது. முன்னே கரகம், பின்னே செல்லப்பன் ஓட்டும் குட்டியானை லோடு வண்டி. அதில் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், நாற்காலி, நாற்காலியில் கன்னியப்பன். ஆம்ப்ளிஃபயர் மேல் புதுப் பெட்டி.

குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி மூடாத பள்ளத்தில் வண்டி இறங்கியது. அம்மன் பாட்டு பாதியில் நின்று, மழையில் நனைகிற ஒரு காதல் ஜோடி பாடத் தொடங்கியது. கன்னியப்பன் பதறி, விரலால் தேய்த்து, அம்மனைத் தேடி மீட்டார். யாருடைய விரலோ பட்டிருக்கும் என்று நினைத்துப் பூட்டையும் தள்ளினார். அடுத்த பள்ளத்தில் ஒரு கிழவர் கானா பாடினார். அதற்கடுத்த பள்ளத்தில், பூசாரி கரகத்தோடு ஒரு வீட்டு வாசலில் நிற்கும்போது, பெற்ற மகனைப் பறிகொடுத்த தாயின் ஒப்பாரி நாலு கொம்பிலும் எழுந்தது.

பாண்டுரங்கன் வண்டிக்கு ஓடிவந்தார். "டேய்! அம்மா எதிர்லயே ஒப்பாரியா?"

"நான் போடல தலைவரே, அதுவா மாறிக்குது."

"அதுவா மாறுதா? இன்னொரு தபா மாறட்டும், நீ எறங்கி நடையக் கட்டு."

ஒரு அம்மா, அம்மனுக்கே இந்த வருஷப் பாட்டு பிடிக்கவில்லை என்று சொல்ல, நாலு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இருபத்திரண்டு வருஷம் இந்தத் தெருமுனையோடு போயிற்று என்று கன்னியப்பன் நினைத்தார், கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பூட்டைத் திறந்து அம்மன் பாட்டை மறுபடி வைத்துப் பூட்டினார். வியர்வை சொட்டிய திரையைத் துடைக்கப் பெட்டியைக் கையில் எடுத்து எழுந்து நின்றபோது வண்டி இன்னொரு பள்ளத்தில் இறங்கியது. பாட்டு மாறவில்லை. மறுபடியும் ஒரு பள்ளம். மாறவில்லை. கையில் இருந்தால் குலுங்கவில்லை, குலுங்காவிட்டால் மாறவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அதற்குமேல் அவர் உட்காரவில்லை. ரெண்டு உள்ளங்கையிலும் பெட்டியை நெஞ்சுக்கு நேராக ஏந்தி, முழங்காலை லேசாக மடக்கி, பள்ளத்துக்குப் பள்ளம் உடம்பைக் கொடுத்து வாங்கிக்கொண்டு நின்றார். கவனம் சிதறக்கூடாதென்று கண்ணைப் பாதி மூடிக்கொண்டார். ஈ மூக்கில் உட்கார்ந்தது, விட்டுவிட்டார். வண்டி நின்றபோது செல்லப்பன் பீடி நீட்டினான், வேண்டாமென்று தலையைக்கூட ஆட்டவில்லை.

இதைத் தெருவே பார்த்தது. கரகம் எடுத்த பூசாரியின் பாதம் கழுவ மஞ்சள் தண்ணீர் வைத்திருந்த பெண்கள், வண்டியில் இப்படி ஒரு கோலத்தில் நிற்கும் மனிதரையும் விட மனமில்லாமல் அவர் காலிலும் ஊற்றினார்கள்.

"யம்மா வேணாம்மா, கீழ ஒயரு இருக்குது, கரண்டும்மா" என்று உதடு அசையாமல் கெஞ்சினார். அவரது அடக்கத்தை மெச்சி அடுத்த வீட்டுக்காரி ஒரு குடமாகவே ஊற்றினாள்.

மூன்று மணி நேரம் அப்படி நின்றார். ஊர்வலம் முடிந்து இறக்கியபோது முழங்கால் நிமிரவில்லை. ரெண்டு பேர் தாங்கிப் பிடித்து வீட்டில் விட்டார்கள்.

மறுநாள் காலையில் பாண்டுரங்கனே பிரசாதமும் வெற்றிலைபாக்கும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"ஒப்பாரி வந்ததும் உன்ன வெட்டிடலாம்னுதான் இருந்தேன். ஆனா அப்புறம் நின்ன பாரு, எங்க நைனா தீமிதிக்கக்கூட அப்பிடி நின்னதில்ல. எழிலரசன் நேத்தே வந்து அடுத்த வருஷத்துக்குக் கேட்டான். மூணு மணி நேரம் கையில சாமான ஏந்திக்கினு நிப்பியான்னேன். வண்டியக் கெளப்பிக்கினு போயிட்டான். உனக்குத்தாம்பா. ஆனா நின்னுக்கினுதான் போடணும், நாற்காலி எடுத்தாறக் கூடாது."

அவர் போன பிறகும் கன்னியப்பன் வெற்றிலையைப் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். அன்புக்கரசி அவர் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. இல்லாத பேரை வாங்கிவிட்டோமே என்று மனசு அறுத்தது.

"பக்தியும் இல்ல ஒண்ணும் இல்லடி. கோயிலு கையவுட்டுப் போயிடுமோன்னு பயத்துலதான் அப்பிடி நின்னேன்" என்றார்.

அன்புக்கரசி இன்னும் கொஞ்சம் எண்ணெயை உள்ளங்கையில் விட்டுக்கொண்டாள்.

"எதனா கையவுட்டுப் போயிடுமோன்னு பயம் இல்லாம எவன்யா கோயிலுக்கு வர்றான்? கால நீட்டு."