வெர்லா கூபிக்கின் முதல் மீன்

2,146. இருபத்தாறு ஆகஸ்ட் மாதங்களில் வெர்லா கூபிக் தராசில் தூக்கி வைத்த கெளுத்தி மீன்களின் எண்ணிக்கை இது. அவற்றில் ஒன்றுகூட அவர் பிடித்ததில்லை.

தூண்டில் பிடிக்கத் தெரியாமல் இல்லை. எல்ம் பெண்ட் ஊரில் முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர், பேருந்தை நிறுத்திய கையோடு வாரத்தில் மூன்று நாள் சீடர் ஆற்றங்கரையில்தான் இருப்பார். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை வரும் கெளுத்திப் போட்டியன்று மட்டும் அவருக்குத் தூண்டில் கிடையாது, தராசுதான். அவர் சொல்லும் எடையை யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். அதனால் அந்தத் தராசு மேசையைவிட்டு அவரை எழவும் விடவில்லை.

விதியை எழுதியதும் அவரே. மீன் உயிரோடு வர வேண்டும். தொட்டியில் விட்டால் பத்து எண்ணும்வரை தானாக நிமிர்ந்து நிற்க வேண்டும். மூன்று தடவை பார்ப்பார்கள். அப்போதும் வயிற்றைக் காட்டினால் எடை கிடையாது. இந்த விதிப்படி 2011-ல் தூண்டில் இரைக்கடை ரோலியின் நாற்பது பவுண்டு மீனைத் திருப்பி அனுப்பினார். கிறிஸ்துமஸ் வரை ரோலி அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்த மே மாதம் வேலையிலிருந்து ஓய்வு. ஜூனில் வெர்லா தராசைத் தூக்கிக்கொண்டு நேரே ரோலியின் கடைக்குப் போனார். "இந்தா, இனிமே உன் பாடு. நான் போட்டியில பேர் குடுத்துட்டேன்." போட்டி நோட்டில் தன் பெயருக்கு நேரே ஒரே ஒரு எடை எழுதப்பட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

கணவர் ஏர்லுக்கு மீன் வாடையே ஆகாது. ஆகவே துணைக்கு வந்தவர் ஏர்லின் தம்பி டெல்மர்.

போட்டி நாள், காலை ஐந்தரை. படகுத்துறையில் நாற்பது வண்டிகள். ரோலி மேசையிலிருந்தே குரல் கொடுத்தார்: "ஏம்மா வெர்லா, தூண்டில எந்தப் பக்கம் பிடிக்கணும்னு ஞாபகம் இருக்கா?"

"உன் மீனைவிட உசிரோட இருக்கிற பக்கம்!"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் தவறு நடந்தது. சாலையில் படகை இழுத்து வரும்போது அடித்துளையைத் திறந்துதான் வைக்க வேண்டும். ஓர் ஆற்றின் தண்ணீர் இன்னொன்றுக்குப் போகக் கூடாது என்பது மாநிலச் சட்டம். துறைக்கு வந்ததும் ரப்பர் அடைப்பானைத் திருகிப் போட வேண்டும். வெர்லாவின் அடைப்பான் வண்டிக் கண்ணாடியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. படகு ஆற்றில் இறங்கிவிட்டது.

வேகமாகப் போகிற படகில் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் ஏறாது. பன்னிரண்டு மைல் தூரம் ஒன்றும் தெரியவில்லை. விழுந்து கிடந்த பெரிய மரத்துக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டு, உயிர் மீனை இரையாகக் கோத்து இறக்கினார். ஐந்தாவது நிமிடம் தூண்டில் வில்லாக வளைந்தது.

"அண்ணி, விட்டுப் பிடிங்க! விட்டுப் பிடிங்க!"

"எனக்குச் சொல்லித் தராதே, வலையை எடு!"

இருபது நிமிட இழுபறி. மீன் வலைக்குள் வந்து, படகிலிருந்த, காற்றுக்குழாய் போட்ட தொட்டிக்குள் போனபோது தண்ணீர் இருவர் கணுக்காலுக்கும் மேலே நின்றது.

டெல்மர் குனிந்து பார்த்தார். "அண்ணி... அடைப்பான் போட்டீங்களா?"

வெர்லா நங்கூரக் கயிற்றை அவசரமாக இழுக்கத் தொடங்கினார். அதுவே பதில்.

அடுத்த நொடி டெல்மர் படகின் பின்மூலையில் குப்புற விழுந்து, துளைக்குள் கட்டைவிரலைச் செருகினார். முகவாய் வரை தண்ணீர். "சீக்கிரம் கிளப்புங்க. இந்த விரல் எனக்கு இன்னும் வேணும்!"

படகு வேகம் எடுத்ததும் உள்ளே நின்ற தண்ணீர் அதே துளை வழியாக வெளியேறத் தொடங்கியது. ஆனால் காற்றுக்குழாயின் பேட்டரி மூழ்கிச் செத்துவிட்டது. மீனுக்கு மூச்சு வேண்டும். விரலை எடுத்த டெல்மர் இப்போது வாளியைப் பிடித்தார். ஆற்றிலிருந்து மொண்டு, தலைக்கு மேலே தூக்கி, தொட்டிக்குள் நுரை வரக் கொட்டினார். பன்னிரண்டு மைலும் கொட்டினார்.

"வாயைத் திறக்குதா?" வெர்லா திரும்பாமலே கேட்டார்.

"திறக்குது. என்னைத் திட்டுதுன்னு நினைக்கிறேன்."

வேகத்தைக் குறைத்தால் படகு மறுபடி நிரம்பும். வெர்லா குறைக்கவே இல்லை. வந்த வேகத்தில் துறைக்குப் பக்கத்து மணலில் படகைப் பாதி ஏற்றி நிறுத்தினார். மணி ஏழரைகூட ஆகவில்லை. மேசையில் ரோலி மட்டும் காபியோடு உட்கார்ந்திருந்தார்.

"என்ன, அதுக்குள்ள தோத்துட்டு வந்தாச்சா?"

இருவரும் மீனைச் சுமந்துவந்து மேசைக்குப் பக்கத்திலிருந்த தொட்டியில் விட்டார்கள். ரோலி எண்ணத் தொடங்கினார். நான்கில் மீன் சாய்ந்தது. இரண்டாம் தடவை ஏழில் சாய்ந்தது. டெல்மர் தலையில் கை வைத்துக்கொண்டார். வெர்லா மீனின் வயிற்றுக்கடியில் உள்ளங்கையைக் கொடுத்து, முன்னும் பின்னும் மெல்ல நகர்த்தினார். செவுள் வழியாகத் தண்ணீர் ஓடியது. பிறகு கையை எடுத்தார்.

"ஒண்ணு..." ரோலி ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வாய் காபி குடித்தார்.

"ரோலி, நீ எண்ணுறியா, சாப்பிடுறியா?"

"விதியில வேகம் எழுதலையே, வெர்லா. மூணு..."

ஒன்பதில் வால் ஒருமுறை அசைந்தது. சாயவில்லை. பத்து.

முப்பத்தெட்டு பவுண்டு, ஒன்பது அவுன்ஸ். நோட்டில் வெர்லா கூபிக் என்ற பெயருக்கு நேரே ரோலி எழுதினார். எழுத்து தெளிவாக இல்லையென்று வெர்லா இன்னொரு தடவை எழுத வைத்தார். மீனை ஆற்றில் விட்டார்கள். அது திரும்பிக்கூடப் பார்க்காமல் போனது.

அடைப்பானைப் போட்டுக்கொண்டு மறுபடி போனவர்களுக்கு அதற்குப் பிறகு ஒன்றும் சிக்கவில்லை. மூன்று மணிக்குப் போட்டி முடிந்தபோது வெர்லா நான்காம் இடம். பரிசு மூன்று பேருக்குத்தான். அடுத்த ஆண்டுக்கு அன்று மாலையே பெயர் கொடுத்துவிட்டார். படகு எண் பதினான்கு, துணை டெல்மர்.